தவிலுக்கு ஒரு சட்டை

“…அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், பஸ்ஸை நம்பி வர்ற தவிலுக்கு நான் நேரம் குடுக்க முடியாதுன்னு. நீங்க பை தைக்கிறவங்க, உங்களுக்குப் பை பெருசு. எனக்கு மாப்பிள்ளை அழைப்பு பெருசு. இன்னையோட நான் வேற ஆளைப்…”

நாகப்பட்டினத்தில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் நின்றுகொண்டு நாயனக்காரர் வைத்தியநாதன் என்னைப் பார்த்து இப்படிப் பொரிந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பூ அலங்காரம் செய்த காரில் ஏறி உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு மண்டபத்தில் காத்திருப்பதாகப் போன் மேல் போன். இரண்டு நாயனம் வந்தாயிற்று, தாளம் வந்தாயிற்று, சுருதிப் பெட்டி வந்தாயிற்று. தவில் மட்டும் இல்லை. தவில் வாசிக்கும் பவானி எனக்குப் பின்னால் எங்கோ கடைத்தெருக் கூட்டத்தில் வந்துகொண்டிருந்தாள். நான்தான் முன்னால் ஓடிவந்து, “வந்துட்டா, இதோ வந்துட்டா” என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் அடுத்து என்ன செய்தார் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் பவானியின் தவில் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் கபீர் மாஸ்டரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

என் பெயர் சலேத் மேரி. பாபநாசத்துக்காரி. கும்பகோணத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பைக் கடையில்தான் என் வேலைக் காலம் முழுவதும் போனது. காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் தையல் மெஷின். போன வருஷம் முழங்கால் “போதும்” என்று சொல்லிவிட்டதால் வீட்டில் இருக்கிறேன். என் மெஷினில் இப்போது செல்வி உட்கார்ந்திருக்கிறாள். வாரத்தில் பாதி நாள் போன் செய்துவிடுவாள். போன வாரமும் செய்தாள்.

“அக்கா, ஒருத்தர் போன்ல படத்தைக் காட்டி அச்சு அசலா இதே மாதிரி மிருதங்கப் பை வேணும்ங்கிறாரு. அளவும் சொல்லிட்டாரு, கலரும் சொல்லிட்டாரு. வேற என்னக்கா கேக்கணும்?”

“எதுல போவாருன்னு கேட்டியா?”

“அதை எதுக்குக்கா கேக்கணும்?”

சரி, எழுதித்தான் தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். தொழில் கற்றுக்கொண்ட கதையும் பெரிதில்லை. முதலில் ஜிப் வைத்தேன், அப்புறம் நாடா அடித்தேன், அப்புறம் ரெக்ஸின் வெட்டினேன். அவ்வளவுதான். கபீர் மாஸ்டரின் பேச்சைப் புரிந்துகொள்ளத்தான் ரொம்ப காலம் ஆனது.

மாஸ்டர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு மொத்தம் மூன்று பதில்தான். “பார்ப்போம்” என்றால் முடியாது. “ம்” என்றால் முடியும். “நல்லா இருக்கே” என்றால் தைத்ததைப் பிரித்து முதலிலிருந்து தைக்க வேண்டும். இது தெரியாமல் சேர்ந்த புதிதில் “நல்லா இருக்கே” என்று கேட்டுவிட்டுப் பூரித்துப்போய், அன்றைக்குக் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் இப்படித்தான் கற்றுக்கொண்டார்களாம்.

கடையில் பள்ளிக்கூடப் பையும் ஸ்கூட்டர் சீட்டு உறையும் தைத்தால்தான் அடுப்பு எரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேளம் கேட்கும் இல்லையா, அதனால் தவில், மிருதங்கம், பறை, சர்ச் கொயருக்கு வாசிக்கும் தபேலா என்று எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். மேஜையில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டு அதன் மேல்தான் வாத்தியத்தை வைக்கச் சொல்வார் மாஸ்டர். வைத்த பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வந்த ஆளைத்தான் பார்ப்பார்.

“எதுல போவீங்க?”

ஒரு மிருதங்க வித்வானுக்கு இதில் கோபம் வந்துவிட்டது. “எத்தனை இஞ்சுன்னு கேக்காம எதுல போவேன்னு கேக்குறீங்களே, நீங்க பைக் கடையா, ஆட்டோ ஸ்டாண்டா?”

“அளவை மிருதங்கம் சொல்லிடுங்க. வண்டியை நீங்கதான் சொல்லணும்.”

அப்புறம் அடுத்த கேள்வி: “யாரு தூக்குவா?” அதற்கும் அடுத்தது: “போய் இறங்கினதும் எங்க வைப்பீங்க?” காரில் போகிறவருக்குப் பிடி போதும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு முதுகில் மாட்ட வேண்டும். ரயிலில் போகிறவர் சீட்டுக்கு அடியில் தள்ளுவார், அவருக்கு அடிப்பக்கம் தடித்த கேன்வாஸ். இதைக் கேட்காமல் பை தைத்தால் அது வாத்தியத்துக்கு மட்டும் தைத்த பை. தூக்குகிற மனுஷனுக்கு அதில் இடமே இருக்காது.

வாயால் சொல்வதையும் மாஸ்டர் முழுக்க நம்ப மாட்டார். கடையில் ஒரு பழைய பை கிடக்கும், உள்ளே நெல். எடை வேண்டுமென்றால் எங்கள் ஊரில் வேறு எதைப் போடுவது? வாத்தியத்தின் எடைக்குத் தக்கபடி நெல்லைக் கூட்டிக் குறைத்து, வந்தவர் தோளில் மாட்டிவிட்டு, “தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ட்டு வாங்க” என்பார். மாஸ்டர் வாசற்படியில் நின்று பார்ப்பார். பையைப் பார்க்க மாட்டார். வந்தவர் எங்கே தோள் மாற்றுகிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், எந்தக் கை சும்மா இருக்கிறது, இதைத்தான் பார்ப்பார். பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் எங்கள் சந்தில் நெல் சுமந்திருக்கிறார்கள். ஒரு தடவை மூட்டையில் ஓட்டை விழுந்து, ஒரு கோழி வித்வானுக்குப் பின்னாலேயே கொத்திக்கொண்டு போனது. டீக்கடை கோவிந்து அங்கிருந்து கத்தினான்: “அண்ணே, உங்க சிஷ்யப் பிள்ளை பின்னாடி வருது பாருங்க!”

ஆட்டோ ஸ்டாண்டா என்று கேட்டாரே, அந்த வித்வானுக்கு வேண்டியது வேறு. “காத்துகூட உள்ள போகக் கூடாது. அப்படி ஒரு பை.”

“பார்ப்போம்” என்றார் மாஸ்டர்.

வித்வான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். நாங்கள் தைக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு எங்கோ தைத்து வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் வந்தார். கையில் பளபளவென்று பை. முகத்தில் அந்தப் பளபளப்பு இல்லை.

மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுவார்கள். அதுதான் அந்தக் கும்மென்ற நாதத்தைத் தரும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இவர் அவசரத்தில் அரைகுறையாகச் சுரண்டிவிட்டு, ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடியிருக்கிறார். ஈரம் வெளியே போக வழியில்லை. ஆனால் ஜிப் ஓரத்தில் எறும்புக்கு வழி இருந்திருக்கிறது.

“மேடையில வெச்சுத் திறந்தேன் மாஸ்டர். நான் வாசிக்கிறதுக்கு முன்னாடியே எறும்பு ஊர்வலம் கிளம்பிடுச்சு. பாடுறவங்க பட்டுப் புடவை ஜரிகைல ஒண்ணு ஏறி, அந்த அம்மா பாட்டுல இல்லாத சங்கதி எல்லாம் போட்டுட்டாங்க. ஜனங்க கை தட்டுறாங்க!”

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டர் அந்தப் பையிலேயே இரண்டு பக்கமும் வட்டமாகத் துளை போட்டு, கொசுவலைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். உள்ளே சின்னதாக ஒரு பாக்கெட்டும் வைத்தார், துடைக்கிற துணிக்கு. “எறும்புக்கு வழியை அடைக்காதீங்க, ரவையை எடுத்துடுங்க” என்றார். செல்வி, இதைப் படித்தால் குறித்துக்கொள்: நம் ஊர்க் காற்றில் மூச்சு விடாத பை ஆகாது.

இன்னொரு நாள் தமிழரசி என்று ஒரு பெண் வந்தாள். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அவள் ஊர்ப் பெண்களுமாகச் சேர்ந்து ஒரு பறைக் குழு வைத்திருந்தார்கள். தாத்தா காலம் வரை பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். இப்போது ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டீச்சர், ஒருத்தி சொந்த நிலத்தில் விவசாயம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஐந்து பேரும் பறையைத் தூக்கிவிடுவார்கள்.

“அஞ்சு பறையும் ஒண்ணா அடுக்குற மாதிரி ஒரே பை வேணும் மாஸ்டர்.”

“அஞ்சு பேரும் ஒரே வீட்டுக்கா போறீங்க?”

“இல்ல, அஞ்சு ஊரு.”

“அப்ப அந்தப் பை யாரு வீட்டுக்குப் போகும்?”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “எங்க தாத்தா பறைக்குப் பையே கிடையாது, கூரைல மாட்டி வெச்சிருந்தாரு. இப்ப எங்க ஒவ்வொரு பறைக்கும் தனி ரூம் கேக்குது. போட்டுடுங்க, அஞ்சு!”

எல்லோரும் கறுப்பு கேட்கிற இடத்தில் அவள் ஐந்தும் சிவப்பு கேட்டாள். “தூரத்துலேர்ந்தே பறை வருதுன்னு தெரியட்டும்.” அந்தச் சிவப்புக் கேன்வாஸைத் தைக்கும்போது என் விரல் எல்லாம் சாயம். வீட்டுக்கு வந்து கையைக் காட்டியதும் என் வீட்டுக்காரர், “யாரு கல்யாணத்துக்கு மருதாணி?” என்று கேட்டார்.

இனி பவானி.

குத்தாலத்துப் பெண். அப்பாவிடம் தவில் கற்றவள். அப்பா காலமான பிறகு அண்ணன் சுரேஷ் அவளைப் பைக்கில் உட்கார வைத்து, தவிலை நடுவில் வைத்துக் கட்டி, எந்த ஊர்க் கச்சேரிக்கும் கூட்டிக்கொண்டு போவான். ஒரு நாள் இரண்டு பேரும் அப்படியேதான் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். சுரேஷுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. அந்த மாதமே கிளம்ப வேண்டும். நாயனக்காரர் வைத்தியநாதனோ திருவாரூரில் இருக்கிறார். அவர் கார் எப்போதும் நாயனமும் கூட ஊதும் அவர் தம்பியும் தாளக்காரருமாக நிறைந்துதான் போகும்.

“அவரு தெளிவா சொல்லிட்டாருங்க” என்றாள் பவானி. “‘உன் வாசிப்புல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நீயும் தவிலும் சொந்தமா வந்து சேரணும். அடுத்த முகூர்த்தம் நாகப்பட்டினம். அங்க வந்து சேந்துட்டீன்னா செட்டுல இரு, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்’னுட்டாரு. தப்பா சொல்லலைங்க. கல்யாண வீட்டுக்காரங்க அவரைத்தானே கேப்பாங்க?”

சுரேஷ் பக்கத்தில் நின்றுகொண்டு தரையையே பார்த்தான். “நான் வேணா போகலன்னு…” என்று ஆரம்பித்தான்.

“நீ போ. இதையே எத்தனை தடவை சொல்லுவ?” என்று வாயை அடைத்தாள் தங்கை.

மாஸ்டர் கேட்டார்: “எதுல போவீங்க?”

“பஸ்ஸு.”

“யாரு தூக்குவா?”

“நான்தான்.”

“போய் இறங்கினதும் எங்க வைப்பீங்க?”

“வைக்க மாட்டேன், வாசிப்பேன்” என்றாள்.

மாஸ்டர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் கஷ்டமானது என்று அர்த்தம்.

கஷ்டம்தான். தவில் நல்ல பருமன். இரண்டு பக்கமும் தடித்த வளையம். இப்போது தோலை இழுத்துக் கட்டும் வாருக்குப் பதிலாக இரும்புக் கம்பியும் நட்டும் போட்டு முடுக்குகிறார்கள், அதனால் எடை இன்னும் கூடுதல். அந்த நட்டு எந்தத் துணியையும் கிழித்துவிடும். பவானியோ உயரம் கம்மி. முதலில் தோளில் தொங்குகிற மாதிரி நெல் மூட்டையைக் கொடுத்து அனுப்பினார் மாஸ்டர். டீக்கடைக்குப் போவதற்குள் அது முழங்காலில் இடித்து இடித்து அவளைப் பக்கவாட்டில் நடக்க வைத்தது.

“நண்டு எந்த ஆத்துலேர்ந்து வருது?” என்றான் கோவிந்து.

“உங்க டீக்குத் தண்ணி எடுக்குற ஆத்துலேர்ந்துதான்” என்றாள் இவள்.

அடுத்தது முதுகு. மாஸ்டரும் நானும் உட்கார்ந்து அருமையாக ஒரு முதுகுப் பை தைத்தோம். இரண்டு பட்டை, இடுப்பில் ஒரு கொக்கி, முதுகுக்கு மெத்தை. நட்டு இருக்கும் இடங்களில் எல்லாம் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே ஒட்டினேன். அண்ணனும் தங்கையும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நெல் இல்லை, நிஜத் தவில். மாட்டிவிட்டு நடக்கச் சொன்னோம். நன்றாகத்தான் நடந்தாள். பாதி வழியில் செருப்பு வார் நழுவிவிட்டது. சரி செய்யக் குனிந்தாள். அவ்வளவுதான், தவில் தலைக்கு மேல் ஏறி முன்னால் தள்ள, அவள் தெருவில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சுரேஷ் ஓடினான். நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால் குனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஆமை எழுந்திருக்கணும்னா இன்னும் ரெண்டு பேரு வேணும்” என்றான் கோவிந்து.

கடைக்குத் திரும்பி வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பையைக் கழற்றி வைத்தாள். சந்தில் அது திரும்பும்போது ஒரு சைக்கிளைத் தட்டிவிட்டு வந்திருந்தது. பஸ் வாசலில் இதோடு எப்படி நுழைவது?

“மாஸ்டர், முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நான் வீட்டுல உக்காந்து நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பொழைச்சிக்கிறேன்.”

மாஸ்டர் “பார்ப்போம்” என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் தலைகுனிந்து ரெக்ஸின் துண்டுகளைத் தேவையில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். சுரேஷ்தான் பேசினான், அதுவும் எங்களிடம் இல்லை, தங்கையிடம்.

“ஏன்டி, போன திருவிழாவுல நாலு வீதியும் நின்னு வாசிச்சிட்டுத்தானே வந்த? சாமி நிலைக்கு வந்து சேரும்போது பொழுது விடிஞ்சிடுச்சு. அன்னைக்கு நான் எங்கடி தூக்குனேன்?”

“அது வாசிக்கிறது. இது தூக்குறது” என்றாள் அவள் எரிச்சலாக.

“எடை ஒண்ணுதானே?”

பவானி அவனை முறைத்தாள். அப்புறம் ஜமக்காளத்தின் மேல் இருந்த தவிலை எடுத்து, அதோடு கிடந்த அதன் சொந்த வாரைத் தோளில் மாட்டினாள். ஊர்வலத்தில் மாட்டுகிற மாதிரியே, வயிற்றுக்கு முன்னால் குறுக்காக. விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். டீக்கடை தாண்டி, கடைத்தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பினாள். அந்த நடையே வேறு. நிமிர்ந்த நடை. இடுப்பு அதன் எடையை வாங்கிக்கொண்டது, முழங்காலில் இடிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. வரும் வழியில் கை சும்மா இருக்க முடியாமல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“மேளம் வந்தாச்சு, சாமி எங்கே?” என்று எழுந்து நின்று கும்பிட்டான் கோவிந்து.

வாசற்படியில் நின்ற மாஸ்டர், “ம்” என்றார்.

நாங்கள் எல்லோரும் செய்த தப்பு அதுதான். தவிலை ஒரு சுமை என்று நினைத்துக்கொண்டே பை தேடினோம். அது அவள் உடம்பில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தது. நாங்கள்தான் அதை அந்த இடத்திலிருந்து பிடுங்கித் தோளுக்கும் முதுகுக்கும் மாற்றப் பார்த்தோம்.

“இதுக்குப் பை வேணாம் சலேத்தம்மா, சட்டை போதும்” என்றார் மாஸ்டர்.

முதுகுப் பையை நானே பிரித்தேன். சட்டை தைப்பது அவ்வளவு லேசாக இல்லை. தவிலின் உடம்பைச் சுற்றிக் கேன்வாஸ், அவள் வயிற்றில் படும் பக்கம் இரட்டை. வார் வெளியே வர மேல் பக்கத்தில் இரண்டு வாய், மழைத் தண்ணீர் இறங்காமல் அவற்றின் மேல் மடிப்பு. இரண்டு முகத்துக்கும் வட்டமாக மூடி, பஸ்ஸில் யாராவது முழங்கையால் இடித்தாலும் தோலுக்குப் படாதபடி உள்ளே கெட்டியான அட்டையும் ஃபோமும். அந்த மூடியை முழுக்க ஜிப் வைத்து மூடினேன். மாஸ்டர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்கே” என்றார். கத்தரியைத் தேடினேன்.

“என்ன குறை மாஸ்டர்?”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? இறங்கினதும் வைக்க மாட்டேன், வாசிப்பேன்னுச்சு. நீ வெச்சிருக்குற ஜிப்பைத் திறக்க அது எங்கயாவது உக்காரணும்.”

பிரித்தேன். மூடிகளை மேலே மட்டும் கொக்கி போட்டு மாட்டி, கீழே தைத்து நிறுத்தினேன். கொக்கியைத் தட்டினால் மூடி தானாகக் கீழே மடிந்து தொங்கும். சட்டையைக் கழற்றாமலே வாசிக்கலாம். இடது பக்கம் கழிக்கு ஒரு நீளப் பாக்கெட், வலது பக்கம் விரலில் மாட்டும் கூடுகளுக்கு ஒரு குட்டிப் பாக்கெட். துணி மூடியிருந்தால் சத்தம் கொஞ்சம் அடங்குமே என்றேன். “அடங்கட்டும். அப்புறம் நிதானமாக் கழட்டிக்கும். முதல் அடி வாசல்ல கேக்கணும், அதான் கணக்கு” என்றார்.

நாகப்பட்டினம் போக வேண்டிய நாளும் சுரேஷ் திருச்சியில் விமானம் ஏற வேண்டிய நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. காலையில் தங்கையையும் தவிலையும் எங்கள் கடையில் இறக்கிவிட்டான். தவிலுக்குச் சட்டை போட்டுப் பார்த்தோம். கச்சிதம். சுரேஷ் சட்டையைத் தடவிப் பார்த்தான். “போய்ட்டு போன் பண்ணு” என்று தங்கை சொன்னாள். “நீ போய்ச் சேந்துட்டு போன் பண்ணு” என்று அண்ணன் சொன்னான். யார் முதலில் பண்ணுவது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள்.

நான் தைத்த சட்டை பஸ் ஏறுவதைப் பார்க்காமல் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. “நானும் கூட வரட்டுமா? அப்படியே வேளாங்கண்ணிக்கும் போய்ட்டு வந்துடுவேன்” என்றேன். மாஸ்டர் “ம்” என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: “நீ தூக்கக் கூடாது. கை வெச்சீன்னா அது கணக்குல சேராது.”

பஸ்ஸில் அவள் பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையைத் தவிலின் மேல் வைத்து, படிக்கட்டில் ஒவ்வொரு காலாக ஏறினாள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்ததும் தவில் அவள் மடியில் ஏறிக்கொண்டது. கண்டக்டர் வந்து நின்று அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இது லக்கேஜா?”

“இல்லைங்க, சட்டை போட்டிருக்கு பாருங்க” என்றேன் நான்.

“மடியில உக்காந்திருக்குற பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது” என்றாள் பவானி, முகத்தை ரொம்ப பவ்யமாக வைத்துக்கொண்டு.

கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அழாம இருக்கணும், அழுதா டிக்கெட் போட்டுருவேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

திருவாரூர் தாண்டும் வரை எல்லாம் சுகம். அப்புறம்தான் பிடித்தது வினை. அறுப்புக் காலம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு அறுவடை மெஷின் எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். பவானியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாயனக்காரர்தான். முதல் தடவை எடுத்து, “வந்துட்டிருக்கேங்க” என்றாள். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னாள். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தவிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். வைக்கோல் தூசி பறந்து வந்து தவில் சட்டை மேல் படிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “நேரத்துக்குப் போய்ச் சேரலன்னா, சட்டை இருந்து என்னக்கா புண்ணியம்?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கியபோது சாயங்காலச் சந்தைக் கூட்டம். ஆட்டோ நகரவே வழியில்லை. நடந்துதான் போக வேண்டும். “நீங்க முன்னாடி ஓடிப் போய்ச் சொல்லுங்கக்கா, ஆளை மாத்திடப் போறாரு” என்றாள். அப்போது என் முழங்கால் இவ்வளவு மோசமில்லை. வெறுங்கையோடு ஓடினேன். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் நான் முதலில் சொன்ன அந்தத் திட்டு. வைத்தியநாதன் நல்ல மனுஷர்தான், ஆனால் கல்யாண வீட்டார் அவரை அவ்வளவு நேரம் வறுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பக்கத்திலேயே நின்று, “பேசாம பேண்டு வாத்தியம் வெச்சிருக்கலாம்” என்று அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னையோட நான் வேற ஆளைப்…” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் தெருமுனையில் அது கேட்டது. முதலில் இரண்டு கொக்கி தட்டும் சத்தம், அந்த இரைச்சலில் கேட்டிருக்காது, எனக்கு மட்டும் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்தது கழி இடது பக்கத்தில் விழுந்த ஒற்றை அடி. அப்புறம் வலது கை விரல்கள் சடசடவென்று இறங்கின. பூக்காரர்கள் கூடையைத் தள்ளி வழி விட்டார்கள். ஒரு டூவீலர்காரர் வண்டியை அணைத்துவிட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் பவானி வந்தாள். நிமிர்ந்த நடை, சட்டை மூடிகள் இரண்டு பக்கமும் காது மாதிரி ஆடிக்கொண்டிருந்தன, முகம் முழுக்க வைக்கோல் தூசி. நடந்துகொண்டே வாசித்தாள். ஊர்வலமே கிளம்பி அவளை எதிர்கொண்டு போகிற மாதிரி கார் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பேண்டு வாத்தியம் கேட்ட மாமா தோளை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டார்.

வைத்தியநாதன் வாயைத் திறந்தபடியே நின்றார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தம்பியின் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தி, தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார். அப்புறம் சீவாளியை நாக்கால் நனைத்து, நாயனத்தைத் தூக்கி, அவள் வாசித்துக்கொண்டிருந்த தாளத்திலேயே ஊத ஆரம்பித்தார்.